பதினாறு வெள்ளை

ஜூலை, ஒரு செவ்வாய்க்கிழமை.
'காய்ச்சல்' என்று இகோருக்கு ஒற்றை வார்த்தை அனுப்பிவிட்டு
போனை அணைத்தேன்.
தொல்மினில் பஸ் என்னை மட்டும் இறக்கிவிட்டுப் போனது.
பையில் ரொட்டி, பாலாடைக்கட்டி, இரண்டு ஆப்ரிகாட்,
ஒரு லிட்டர் தண்ணீர்.
பத்தாது என்று அப்போதே தெரியும்.

பல் செய்கிறவள் நான்.
மெழுகில் செதுக்கி, பீங்கானில் சுட்டு, பிறர் வாய்க்கு.
வாய்க்கு உரியவர்களைக் கண்டதில்லை.
டாக்டரிடமிருந்து அச்சு வரும், சீட்டு வரும்,
சீட்டில் ஓர் எண், ஒரு நிறம்.
நிறம் என்றால் வெள்ளை.
எங்கள் அட்டையில் பதினாறு வெள்ளை இருக்கிறது:
காபி குடித்த வெள்ளை, புகைத்துவிட்டு நிறுத்திய வெள்ளை,
கல்யாணத்துக்கு முந்தின வார வெள்ளை.

காட்டுக்குள் முதல் இரண்டு மணி நேரம்
பீச் மரங்கள் வெயிலைச் சல்லடையில் சலித்துக் கொடுத்தன.
மரத்துக்கு மரம் சிவப்பு வட்டம், நடுவில் வெள்ளைப் பொட்டு,
இதுதான் வழி என்று.
(அந்த வெள்ளை அட்டையில் இல்லை. சுவருக்கு அடிக்கும் வெள்ளை.)
தனியாக நடந்தால் மனசு அமைதியாகும் என்கிறார்கள்.
எனக்கு வாய் ஓயவில்லை.
கல்லிடம் பேசினேன், குதிகால் கொப்புளத்திடம் பேசினேன்,
போன வருஷம் பிரிந்து போன போயனிடம்
ஒரு வளைவு முழுக்கச் சண்டை போட்டு
ஜெயித்தேன்.

மரம் முடிந்த இடத்தில் வெயில் முதுகில் அறைந்தது.
அதற்கப்புறம் பேச மூச்சில்லை.

மேலே ஏறிப் பார்த்தால்
பாதிப் புல்வெளி படுத்துக் கிடக்கிறது.

அறுத்துவிட்டார்கள்.
நீலமணிகள், மஞ்சள் ஆர்னிகா, ஊதாத் தலையாட்டிகள்
எல்லாம் வரிவரியாய்ச் சாய்ந்து
வைக்கோலாகிக்கொண்டிருந்தன.
வாசனை மட்டும் இதுவரை கேட்டிராத சத்தமாய் இருந்தது.
அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்து சொன்னார்:
"நேற்று வந்திருக்கலாம்."
"நேற்று எனக்குக் காய்ச்சல் இல்லை" என்றேன்.

புரிந்திருக்காது. ஆனாலும் சிரித்தார்.

இடது மேல் கோரைப்பல்.

எண் 3117.
இரண்டு பனிக்காலத்துக்கு முன்.
சீட்டோடு வந்த படத்தில் வலதுபக்கத்துப் பல்லில்
மயிரிழை விரிசல் ஒன்று, தேநீர் ஏறியது.
ஜோடி சேர வேண்டுமே என்று
மூன்று மயிர்த் தூரிகையால் புதுப் பல்லிலும்
அதே விரிசலை வரைந்தேன்.
ஒரு மத்தியானம் போனது.
"யார் பார்க்கப்போகிறார்கள்?" என்று இகோர் கத்தினான்.

நான் பார்த்தேன், இகோர்.
கடல்மட்டத்திலிருந்து ஆயிரத்து நானூறு மீட்டரில்,
முழு வெயிலில்.

சொல்லவில்லை.
என்னவென்று சொல்வது?
உங்கள் சிரிப்பில் கொஞ்சம் நான் செய்தது என்றா?
ஆப்ரிகாட் ஒன்றை நீட்டினேன்.
பேர் த்ரேய்ட்ஸ் என்றார்.
அந்தப் பல்லாலேயே கடித்தார்; நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
தாங்கியது.

கொட்டையைத் துப்பிவிட்டு
பாறையோரம் அறுக்காமல் விட்ட மூலையைக் காட்டினார்.
முர்க்கா நிற்கிறதாம், விதை உதிர்க்கட்டுமாம்,
புல் எங்கே ஓடிப்போகிறது?
மண்டியிட்டு முகர்ந்தேன்.
கட்டைவிரல் உயரத்தில் கருஞ்சிவப்புப் பூ,
அதற்குள்ளிருந்து சாக்லேட் வாசனை.
பக்கத்தில் பிளானிகா இரண்டு.
படங்களில் வெள்ளை; கிட்டத்தில்
வெள்ளையே இல்லை, துவைக்காத கம்பளி.
பதினாறிலும் தேடினேன்.
சேரவில்லை.
சேராததில் ஏனோ ஒரு நிம்மதி.

அரிவாள் மறுபடி இறங்கியது, ஸ்ஸ்க், ஸ்ஸ்க்,
தையல் பிரிக்கிற மாதிரி.
மிச்சமிருந்த பாதியில் அவர் ஒரு வரி முன்னேற
நான் ஒரு வரி தள்ளி உட்கார்ந்தேன்.
அப்படியே மூன்று மணிவரை,
பூக்களின் கடைசி வரிசைகளை ஒவ்வொன்றாய்க் காலி செய்துகொண்டு.

இறங்கும்போது தண்ணீர் தீர்ந்தது.
நாக்கால் என் பற்களை ஒருமுறை தடவிக்கொண்டேன்.
எல்லாம் சொந்தம்.
நாளைக்கு இகோர் கேட்பான், காய்ச்சல் எத்தனை டிகிரி என்று.
சாக்ஸில் ஒட்டிய புல்விதைகளை எண்ணி
ஒரு கணக்குச் சொல்ல வேண்டும்.