தங்கி வாழ்வோர்

கடன் படிவத்தில் ஆறாவது கேள்வி:
தங்கி வாழ்வோர் எத்தனை பேர்?
லீசிங் கொம்பனிப் பொடியன் பேனையோடு காத்திருந்தான்.
ரெண்டு, என்றேன்.
அந்த ரெண்டில் ஒன்று
அப்போது யோகட் மூடிகளில்
திகதி குத்திக்கொண்டிருந்தது.

சித்தாண்டிப் பால் விடியமுன் வந்துவிடும்.
பதினைந்து லீற்றர். காய்ச்சி, ஆற்றி,
உறை கலந்து கப்புக்கு வார்த்தால்
மறுகா கைவைக்கக் கூடாது.
அசைத்தால் தண்ணி விட்டுவிடும்.
இதை ஒரு மாதத்தில் பழகிவிட்டேன்.
மகள் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும் நாட்களில்
தட்டாமல் நிற்க
இன்னும் பழகவில்லை.

ஸ்கூட்டியில் பெட்டி கட்டி
செங்கலடிச் சந்தியிலிருந்து கரடியனாறு வரை
பன்னிரண்டு கடை.
விற்காததைத் திருப்பி எடுப்பதாகத்தான் பேச்சு.
புளித்து, மூடி உப்பி வருவதை
ஒரு சொல் பேசாமல் வாங்கிக்கொள்வேன்.
கிருஷோபன் கிழிந்த சேட்டோடு வந்தால் மட்டும்
படலையிலேயே விசாரணை.

"ரெண்டும் ஒண்டுதான் புள்ள,
போட்டத எடுக்கப் பொறுமை வேணும்,"
என்பா கடைக்காரத் தவராணி அக்கா.
என்னத்தை எடுக்கிறது?
கொக்கட்டிச்சோலைத் தேருக்கு
யோகட்டை மூன்று நாள் நிறுத்தினேன்.
இதுகள் ரெண்டும் கூடவே வந்தன,
கச்சான் கேட்டுக்கொண்டு.

போன மாசியில் கரண்ட் போன இரவு
முந்நூறு கப்.
நான் குளிர்பெட்டியில் சாய்ந்தபடி
தரையில் இருந்தேன்.
யதுர்ஷிகா டோர்ச்சை வாயில் கடித்தபடி
கணக்குக் கொப்பியில் நட்டம் என்று எழுதினாள்.
அடிமட்டம் வைத்துக் கீழே கோடிட்டாள்.
"போய்ப் படுங்கம்மா."
பதின்மூன்று வயது.
கோடு அவ்வளவு நேராக இருந்தது.
முந்நூறு கப்புக்கு வராத பயம்
அதைப் பார்க்க வந்தது.

ஏழாவது கேள்வி: வேலையாட்கள்?
இல்லை, என்றேன்.
உள்ளே மகள் இருமினாள்.
பொடியன் ஒரு கப்பை வழித்துத் தின்று
"சீனி கொஞ்சம் கூட அக்கா" என்று சொல்லி
கையெழுத்து வாங்கிப் போனான்.

பின்னேரம் மகனைக் குளிக்க வார்க்கையில் கண்டேன்:
மணிக்கட்டில், நரம்புக்கு மேலே,
இருபத்தெட்டாம் திகதிக்கு முன் பாவிக்கவும்.
சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன்.
நீல மை. போகவில்லை.
"காணும்மா, நோகுது," என்றான்,
"அது தானாப் போயிரும்."