இருபது பந்து

கோயம்புத்தூரிலிருந்து கோச் கேட்டது இவ்வளவுதான்:
இருபது பந்து, ஒரே வீடியோ,
வெட்டாமல் ஒட்டாமல்,
செவ்வாய்க்குள்.

கோத்தகிரியில் ஜூலை மாதம்
செவ்வாய்க்குள் எதைக் காட்டுவது?

சில்வர் ஓக் மரத்தில்
சைக்கிள் ட்யூப் போட்டுப் போனைக் கட்டினோம்.
என் பக்கம் பார்த்து.
அறுபதடி ஆறங்குலம் தள்ளி
போஜன் குந்தினான்.
(டேப் அவன் அப்பாவுடையது. பந்தல் போடுகிறவர்.)
நடுவில் மிஸ்ட்.

கையை விட்டுப் போன பந்தை
நானே பார்க்கவில்லை.
டப் என்று ஒரு சத்தம்.
கொஞ்ச நேரம் கழித்து
புல்லில் உருண்டு
தானாக வருவதுபோல் திரும்பி வரும்.

அனுப்பினேன். இரண்டு நீல டிக்.
"பந்து தெரியலப்பா."

மறுநாள் அவன் அக்காவின் நெயில் பாலிஷ்
ஒரு பாட்டில் முழுக்கக் கொட்டி
பந்தைச் சிவப்பாக்கினோம்.
பதின்மூன்றாவது பந்துக்கு
காட்டெருமை ஒன்று குறுக்கே வந்து நின்றது.
வெட்டக்கூடாது என்றிருந்தாரே,
அது மேய்ந்த பதினோரு நிமிஷத்தையும் அனுப்பினோம்.

செவ்வாய் சாயங்காலம்
நான் கை சுழற்றும்போது மரம் ரிங் ஆனது.
பந்து எங்கோ போனது.
தேயிலைக்குள் இறங்கிப் போனான் போஜன்.
எங்களிடம் இருந்தது அந்த ஒன்றுதான்.

"பந்தைப் பார்க்கல தம்பி, சத்தத்தை எண்ணினேன்.
மேலே காத்து லேசு, உன் கர்வ் வளையாது.
இங்க வந்தா வளையும்.
பி.காம். ஹாஸ்டல் ஃப்ரீ, மெஸ் ஃப்ரீ.
இந்த வருஷம் ஒரே ஒரு சீட்."

சார் என்றேன். சார், சார் என்றேன்.
வேறு வார்த்தை வரவில்லை.

"அது சரி,
கண்ணுக்குத் தெரியாத பந்தை
ஒருத்தன் விடாம பிடிக்கிறானே,
அது யாரு?"

பேட்டரி நாலு சதவீதம்.
கீழே செடிகள் அசைந்தன.
முள்ளில் மாட்டிய சட்டையை இழுத்து
யாரையோ திட்டினான்.
இரண்டு வீடியோவிலும் அவன் இல்லை.
இரண்டு வீடியோவையும்
நாற்பது தடவை பார்த்திருந்தேன்,
அப்போதுதான் தெரிந்தது.

நான் சும்மா இருந்த நேரம்
எவ்வளவு என்று சொல்ல மாட்டேன்.

"எம். போஜன், சார்" என்றேன்.

"கிடைச்சிருச்சுடா!" என்று
கீழிருந்து ஒரு கத்தல்.

என்ன கிடைச்சுதாம், என்றார் கோச்.

பந்து சார்.