மூன்று தசம் நான்கு

கிளிநொச்சி ஆஸ்பத்திரி. இலக்கம் பதினேழு.
சிறுநீரை அடக்கிக்கொண்டு இரண்டு மணித்தியாலம்.

வயிற்றில் குளிர்ந்த பசை.
டொக்டர் கருவியை நகர்த்துகிறார்,
நின்று, திரும்பி, அதே இடத்துக்கு.
எனக்குத் தெரியும் இந்தக் கை.
அம்பகாமத்தில் ஆறு வருசம்
நானும் மண்ணை இப்படித்தான் தடவினேன்,
சத்தம் வரும்வரை.

பிள்ளையின் பிடரியில் ஒரு கறுப்புக் கீற்று.
இரண்டு சின்னச் சிலுவை நட்டு அளக்கிறார்.
நாங்கள் சிவப்புத் தடி நடுவோம்.

"மூன்று தசம் நான்கு. கொஞ்சம் கூட.
இதயத்தை இப்ப சொல்லேலாது,
இருபதாம் கிழமை யாழ்ப்பாணத்தில காட்டுங்கோ."

கூட எண்டால், டொக்டர்?

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

சத்தம் வந்த இடமெல்லாம் மிதிவெடி இல்லை.
மீன் ரின் மூடி, சட்டைப் பின்,
ஒருமுறை
முழங்கை நீளக் குழிக்குள்
ஒற்றைக் கொலுசு.
எல்லாவற்றுக்கும் முழங்காலில் இருந்துதான் தோண்டினோம்,
விரற்கடை விரற்கடையாக,
மூச்சுக்கூட மெதுவாக.

வாசலில் நிமலேசன், மோட்டார் சைக்கிளை உதைத்தபடி:
"என்னவாம்?"

"துடிக்குது."

மற்றதை
முறிகண்டியில் சொன்னேன்,
கச்சான் சுருள் கையில் சுட.