இரண்டே முக்கால் வோல்ட்

ஓசூர் சிப்காட்டில் இரண்டாம் ஷிஃப்ட் பஸ் போனபின்
மூன்றாம் மாடியில் நானும் ஒரு பச்சைக் கோடும்.
கோடு ஓரிடத்தில் சரிந்து மறுபடி ஏறுகிறது.
அந்தப் பள்ளத்துக்காகத்தான் பதினான்கு மாதம்.

அனுப்பியது திரும்பி வராத இடம் பள்ளம்.
திரும்பாதது வெளியே போய்ச் சேர்ந்தது என்று கணக்கு.
முழுக் கணக்கு இல்லை;
பாதி செம்பிலேயே சூடாகிச் செத்திருக்கலாம்.

தீப்பெட்டி அகலத் தகட்டில் மூன்று செம்புக் கிளைகள்.
ஒருத்தி பேசினால் பக்கத்தில் இருப்பவளும் முணுமுணுத்தாள்.
நடுவே பிளவு வெட்டினேன்.
முணுமுணுப்பு அடங்கியது,
அலைவரிசை நகர்ந்துகொண்டது.

ஒவ்வொன்றின் அடியிலும் கடுகளவு டயோடு.
வோல்ட்டைக் கூட்டினால் பள்ளம் வலப்பக்கம் நடக்கும்,
குறைத்தால் இடப்பக்கம்.
செம்பு அதே செம்புதான்.
ராயக்கோட்டை ரோட்டுப் பூக்கடை பத்மாவதம்மா
சாமந்தியைத் தெலுங்கில் அளந்து
சில்லறையைக் கன்னடத்தில் எண்ணி
என் பழைய பாக்கியைத் தமிழில் கேட்பாளே,
அப்படி.

தளிப் பக்கம் ராகி முற்றும் மாதங்களில்
யானை எங்கே என்று சொல்வதற்கான கருவி.
திம்மராயன் கையில் எடுத்தான்,
பள்ளம் ஓடிவிட்டது.

கை என்பது உப்புத் தண்ணீர்.
லேபில் எங்களுக்கு ஒரு கை உண்டு:
சர்க்கரையும் உப்பும் அளந்து கரைத்த பை.
அதற்கு வியர்க்காது.
அதன் மேல் எழுதிய எல்லாத் தேர்ச்சியையும்
அன்றைக்கு அடித்தேன்.

பிறகு, கருவியே தன் பள்ளத்தைத் தேடட்டும் என்று
நாற்பது வரி நிரல்.

அஞ்செட்டிச் சாலை, மூன்றாவது வளைவு.
நான் ஜீப்பில், மடியில் லேப்டாப்.
அவன் கீழே மூங்கிலுக்குள்.
ஒரு வோல்ட். இரைச்சல்.
ஒன்றரை. இரைச்சலுக்குள் அரை வார்த்தை.
இரண்டே முக்காலில்
அவன் மூச்சே கேட்டது.

"அக்கா, புதுச் சாணி.
ஆவி பறக்குது."

திரையில் எண் அசைந்தது.
இரண்டு தொண்ணூறு. மூன்று. மூன்று புள்ளி ஒன்று.
நான் எதையும் தொடவில்லை.
கீழே ஒரு கை இறுகுகிறது,
அதற்கு ஈடாகக் கருவி ஏறுகிறது.

மேலே வந்துவிடு என்றேன்.
எந்த மொழியில் சொன்னேன் என்பது நினைவில்லை.

ஏறி வந்தான். சட்டையெல்லாம் ஒட்டுப்புல்.
கருவியை வாங்கி பானட்டின்மேல் வைத்தேன்.
"வேலை செய்யுதா?" என்றான்.

எண்ணைக் காட்டவில்லை.
செய்யுது என்றேன்.