தகரத்துக்குள் நாற்பத்தொன்று

காலை ஏழு இருபதுக்கு
பிஸ்கட் தகரத்தோடு வாசலில் நிற்பது என் வேலை.
மண்முனைப் பாலம் தாண்டி, பஸ் மாறி,
எழுவான்கரையிலிருந்து வந்து
படுவான்கரைப் பிள்ளைகளின் போன்களை எண்ணி வாங்குகிறேன்.
முதுகில் டேப், டேப்பில் இலக்கம்.
கண்ணாடி வெடித்தது, இறப்பர் வளையத்தால் கட்டியது,
'அப்பாட டீச்சர், பின்னேரம் அவருக்கு வேணும்' என்று வருவது.
மேல்வகுப்புக்கு நாற்பத்தொன்று.
அதிபரின் அலுமாரியில் வைத்துப் பூட்டியதும்
பள்ளிக்கூடம் ஒரு மாதிரி விசாலமாகிவிடும்.

மறைக்கவில்லை, எனக்கு அந்தச் சட்டம் பிடிக்கும்.
முன்பு வகிடுகளுக்குப் பாடம் எடுத்தேன்.
இப்போது இடைவேளையில் சண்டை பிடிக்கிறார்கள்.
கேதுஷா யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று
எனக்கே தெரிகிறது.

அன்று வியாழன். ஒன்று பன்னிரண்டு.
இருபடிச் சமன்பாடு, விடை இரண்டில் ஒன்று மறை.
பின்வாங்கில் யதுஷிகன் வயிற்றைப் பிடித்தான்.
'என்னடா?'
'ஒண்ணுமில்ல டீச்சர்.'
பலகையில் ஒரு வரி எழுதிக் கிறுகினால்
எழுந்து நிற்கிறான், முகம் சுண்ணாம்பு.

'டீச்சர், பள்ளிய விடாதீங்க.
குளக்கட்டால ஆனை இறங்குது.'

யாரும் சிரிக்கவில்லை.
அந்தச் சொல்லுக்கு இந்த ஊரில் சிரிக்க மாட்டார்கள்.
யன்னலுக்கு வெளியே வட்டை, வெயில், ஆளில்லாத உழவு மெசின்.
'உனக்கு எப்படித் தெரியும்?'

கேட்டிருக்கக் கூடாது.
பதிலுக்கு முன்னால் குற்றத்தைத் தேடிப் பழகிய வாய்.

சேட்டை உயர்த்தினான்.
காற்சட்டை இடுப்பில் ஒரு போன்,
இன்னும் நடுங்கிக்கொண்டு.
காலையில் தகரத்தில் போட்ட இலக்கம் பத்தொன்பது
போன வருடமே செத்துப்போனதாம்.

கை நீட்டி வாங்கினேன். பூட்டிய திரையில் அரை வசனம்:
'கொம்பன் குளக்கட்டால இறங்கி பள்ளி றோட்டுக்கு...'
மிச்சம் உள்ளே இருந்தது.
நான் பிடித்திருக்க
அவன் பெருவிரலை மட்டும் கொண்டுவந்து வைத்தான்,
கடன் பத்திரத்தில் கைநாட்டு வைக்கிறவனைப் போல
வேறெங்கோ பார்த்துக்கொண்டு.
மூச்சிரைக்கும் யாரோ ஒரு தகப்பனின் குரல்,
பின்னால் ஆனைவெடி இரண்டு.
'புள்ளைகள விட்டுராதீங்க. மறுகா சொல்றன்.'

மணி அடிக்கப் போனவரை ஓடிப்போய் மறித்தேன்.
அதிபர் வலயக் கந்தோரில்,
அலுமாரிச் சாவி அவர் சேட்டுப் பையில்.
கதவுக்குப் பின்னால் தகரம் இரைந்தது,
கல் பட்ட குளவிக்கூடு.
நாற்பது வீடுகள் உள்ளிருந்து தட்டிக்கொண்டிருந்தன.

எங்கள் கைப்பைகளில் போன்கள் அமைதியாய்க் கிடந்தன.
ஆசிரியர் எவருக்கும் அந்தக் குறூப்பில் இடமில்லை.
நாங்கள் ஒன்று நாற்பது பஸ்சுக்கு உரியவர்கள்.

இரண்டு ஐம்பது வரை இருந்தோம்.
சின்ன வகுப்பில் ஒருத்தி பசியென்று அழுதாள்.
மதிலுக்கு அப்பால் வாழை முறியும் சத்தம்,
பிறகு அதுவும் இல்லை.
என் மேசையில் அவன் போன்.
ஒவ்வொரு தரமும் அவன் விரல், என் வாசிப்பு.

போகுமுன் ஒழுக்கப் புத்தகத்தை விரித்தேன்.
பெயர் எழுதினேன். தரம் பத்து. நேரம் ஒன்று பன்னிரண்டு.
குற்றம் என்ற கட்டத்தில் பேனை நின்றது.
பஸ் கோண் அடித்தது.

வெள்ளிக்கிழமை. வாசல். தகரம்.
பத்தொன்பதை இரண்டு கையாலும் வைத்தான், உயிருள்ளதை.
என்னுடையதை அவனிடம் நீட்டினேன்.
'என்னையும் போடு.'
'எதுல டீச்சர்?'
'ஊர்க் குறூப்பில.'
'அதுல கலியாணம், செத்தவீடு, எல்லாம் வரும் டீச்சர்.'
'வரட்டும்.'

மூன்றாம் பாடத்தில் என் கைப்பை நடுங்கியது.
வகுப்பு முழுக்க எழுதுவதை நிறுத்தி
என் முகத்தைப் பார்த்தது.
எடுத்து, கண்ணாடியைத் தேடிப் போட்டு, வாசித்தேன்:

கொம்பு முறிஞ்ச சிவலை மாடு.
கண்டவங்க சொல்லுங்க.