கரடு

ஐந்து பேர் வருவதாகச் சொன்ன ஞாயிறு.
சத்தர்பூர் மெட்ரோ வாசலில் ஆறேகாலுக்கு
நானும் இந்தர்மோகினி பக்‌ஷியும் மட்டும்.
தணிக்கை அலுவலகத்தில் அவளுக்கும் எனக்கும்
நடுவில் ஒரு பீரோ உண்டு.
இன்றைக்கு அதுவும் இல்லாததால்
பேச்சு வரத் தயங்கியது.

பட்டி மைன்ஸ் என்றதும்
ஆட்டோக்காரர் ஐம்பது ரூபாய் ஏற்றினார்.
பட்டி என்றால் இங்கே சூளை.
எனக்கோ ஆடு அடைக்கிற இடம்.
என் பொருளும் தப்பில்லை போலிருக்கிறது:
வனத்துறைச் சுவரில்
ஆடுகள் இடித்த ஓட்டை வழியாகத்தான்
குனிந்து நுழைந்தோம்,
முதுகுப் பை செங்கல்லில் சிக்க.

இது மலையா என்று கேட்டேன்.
கடலிலிருந்து எண்ணினால் முன்னூறு மீட்டர் வரும்.
நிற்கும் இடத்திலிருந்து எண்ணினால்
எங்கள் அலுவலகத்தின் ஏழு மாடி,
லிஃப்ட் ஓடாத நாளில்.
பஹாடி என்றாள் அவள்,
சின்னப் பெண்ணைக் கூப்பிடுவது போல.
நான் தமிழில் தேடினேன்.
மலை என்றால் ஆர்.கே.புரத்தில் முருகன் ஏறி நின்ற மேடு;
அவன் நின்றதால் மலை.
குன்று என்றால் அங்கேயும் அவனே.
இங்கே உச்சியில் நிற்பது செல்போன் கோபுரம்.
அதற்கு யாரும் காவடி எடுப்பதில்லை.

ஏறினால் இறக்கம், இறங்கினால் இன்னொரு முதுகு.
படுத்திருக்கும் எருமைக் கூட்டத்தின் மேல் நடப்பது போல.
இரண்டு பக்கமும் முள் துப்பட்டாவை விசாரித்தது.
விலாயதி கீகர் என்றாள்.
சீமைக் கருவேலம் என்றேன்.
எந்த மொழியிலும் அது இன்னும் ஊருக்குப் புதுசு.
டெல்லியில் எனக்குப் பத்தொன்பது வருடம்;
பால்காரர் நோட்டில் நான் மதராஸி.

மூன்றாவது முதுகின் விலாவில்
மண் திடீரென்று வெளுத்தது.
தோண்டிவிட்டுப் போன பள்ளம்,
அதன் சுவரில் ஒரு முழ அகலத்துக்கு வெள்ளைக் களி.
கிள்ளினால் சாக்பீஸ்.
கீழே நீலத் தண்ணீர்.
ஆழம் அதிகம் என்றது பலகை;
எவ்வளவு என்கிற இடத்தைத் துரு தின்றிருந்தது.

இந்தர்மோகினி ஒரு கட்டியை எடுத்து
பாறையில் அம்பு போட்டாள்,
வராத மூன்று பேருக்கு.
'லேட்டாக வந்தாலும் வரலாமில்லையா?'
வழி பிரிகிற இடமெல்லாம் ஓர் அம்பு.
சிவப்புப் பேனாவால் டிக் அடிக்கிற அதே கை,
அதே வேகம்.

ஒரு சரிவில் சறுக்கினேன்.
உள்ளங்கைச் சிராய்ப்பில்
பொடிப்பொடியாய்க் காக்காப்பொன்.
அந்த எரிச்சலில்தான் சொல் வந்தது:
கரடு.
மலையாக ஆசைப்படாதது, கோயில் கேட்காதது,
கல்லும் முள்ளுமாய்த் தன்பாட்டுக்குக் கிடக்கிற உயரம்.
அவள் சொல்லிப் பார்த்தாள்.
வாய்க்குள் கொஞ்சம் கல் உருண்டது.

திரும்பும்போது
அம்புகளின் வாலைப் பார்த்து நடந்தோம்.
நான்காவது பாறையில் இரண்டு அம்பு.
ஒரு செக்கில் இரண்டு கையெழுத்து போல
ஒத்துப் பார்த்தோம்,
சாய்வு, தடிப்பு, கை எடுத்த இடம்.
ஏழு நிமிடம் ஆராய்ந்து
தப்பானதைத் தேர்ந்தோம்.

அது போய் முடிந்தது ஒரு தட்டையான வெளியில்.
ஸ்டம்புக்குக் கீகர்க் கம்பு.
கிரீஸ், அதே வெள்ளைக் களி.
ஒன்பது பையன்கள்,
தூண்டில் ஆடியதைப் பார்த்த முகங்களுடன்.
அம்பு போட்டவன் லேக்ராஜ்,
பள்ளிக்கூடச் சட்டையை இடுப்பில் கட்டியவன்.
வெட்கமே இல்லை:
'ஆன்ட்டி, ஃபீல்டிங்குக்கு ரெண்டு ஆள் குறையுது.'

பக்‌ஷிக்கு ஸ்லிப்.
கம்பளிக் கையுறையைப் பல்லால் கழற்றினாள்.
எனக்குப் பள்ளத்து ஓரம்.
பந்து நீலத்தில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது,
பந்துக் காசு விட்டவர் தலையில்,
அது இங்கத்திய சட்டம்.

ஒன்பதரைக்கு வீட்டில் இருப்பதாகச் சொல்லியிருந்தேன்.
முட்டியை மடக்கி
எரிகிற கையை விரித்து
கரட்டின் விளிம்பில் நிற்கிறேன்.
லேக்ராஜ் ஓடி வருகிறான்.