முடிகிற வகை

டார்ட்டு நகரின் பல்கலைக்கழக நூலகம், மூன்றாம் மாடி.
மேசைக்கு வரும் எந்த நூலிடமும்
மைமு கேட்பது ஒரே கேள்வி:
நீ முடிவாயா, மாட்டாயா?

முடிந்தால் மோனோகிராஃப்.
முடியாமல் மாதாமாதம் வந்துகொண்டே இருந்தால்
தொடர் இதழ்.
படிவத்தில் மூன்றாவது கட்டம் கிடையாது.

அந்தக் கணக்கில்
முட்டைக்கோஸ் சமையல் குறிப்பும் மோனோகிராஃப்,
தொப்பியைத் தொலைத்த முயலின் கதையும் மோனோகிராஃப்,
நகராட்சிச் சாக்கடைகளின் விளக்கக் கையேடும்.

ஒரு மாடி இறங்கினால் சொல் ஆள் மாறிவிடும்.
வரலாற்றுத் துறையில் அது ஒரு கதவு.
நாற்பது கட்டுரை எழுதிய ரைகோவிடம்
"உங்கள் மோனோகிராஃப் எங்கே?" என்கிறார்கள்.
மூன்று வருஷமாக ஒப்பந்தத்தில் நிற்கிறான்,
நனைந்த குடையோடு வாசலில் நிற்பவன் போல.
ஆற்றங்கரைக் கலைக்கூடத்திலோ
வழவழத் தாளில் ஒரே ஓவியரின் நூறு படங்கள்,
முன்னுரை அரைப் பக்கம்.
அதற்கும் இதே பெயர்.

தாவரவியல்காரர்களிடம் மட்டும்
சொல் பழைய கண்டிப்போடு இருக்கிறது:
ஒரு பேரினம். அதன் எல்லா இனங்களும்.
ஒன்றைக்கூட விடக்கூடாது.

வெல்லோ டம்சாலு அப்படி ஒன்று எழுதினார்.
முப்பத்தோரு வருஷம்.
கல்லில் மட்டும் ஒட்டி வாழும் பாசி,
நகக்கண் அளவு மெத்தை.
நாற்பத்தோரு இனங்கள், அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
இடையில் ஒரு விவாகரத்து; எங்கும் எழுதியிருக்காது.
ஆனால் பதினேழாம் இனத்துக்கும் பதினெட்டுக்கும் நடுவே
ஆறு வருஷம்
சேகரித்த தேதியே இல்லை.
மைமு இதையெல்லாம் கவனிப்பாள். படிவத்தில் அதற்கும் கட்டமில்லை.

மோனோ என்றால் ஒன்று, தனி.
தமிழ்க் காதில் அது மோனம் என்று விழுகிறது,
அதிலும் தப்பில்லை.
நன்றியுரையைத் திறந்தால் எழுபத்து மூன்று பெயர்.
சாரெமா தீவில் வண்டியை நிறுத்திக் காத்திருந்த லாரிக்காரர்,
கல்லறைக் கல்லைச் சுரண்ட விட்ட காவலாளி,
கடைசிப் பெயர், பழைய மனைவி.
ஊர் கூடி இழுத்த தேர்;
அட்டையில் ஒற்றை ஆள்.

மைமு முதல் கட்டத்தில் குறியிட்டாள். முடிந்தது.
ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில், விதிப்படி,
பிறந்த ஆண்டு, ஒரு சிறு கோடு,
கோட்டுக்கு அப்பால் வெற்றிடம்.

அடுத்த வசந்தத்தில் பன்னிரண்டு பக்க இணைப்பு வந்தது:
நாற்பத்திரண்டாம் இனம்.
கிடைத்த இடம், இந்த நூலகத்தின் வடக்குச் சுவர்,
குப்பைத் தொட்டிக்குப் பின்புறம்.
இலை உதிரும்போது இரண்டாம் இணைப்பு:
ஒன்பதும் பதினொன்றும் ஒரே இனமாம், மன்னிக்கவும்.
பிறகு மூன்றாவது.

மைமு தொலைபேசியில் கேட்டாள்,
"ஐயா, நீங்கள் நூலா, இதழா?"
அந்தப் பக்கம் நீண்ட மூச்சு.
"பாசியைக் கேட்டுச் சொல்கிறேன்."

நான்காவது வரவில்லை.
வந்தது ஓர் உறை, மகளின் கையெழுத்தில்.
உள்ளே செய்தித்தாளில் மடித்த காய்ந்த துணுக்கு,
மடிப்பின் மேல் அவருடைய பென்சிலில்
ஒரு கேள்விக்குறி.

கோட்டுக்கு அப்பால் இன்னோர் ஆண்டை எழுத வேண்டும்.
நான்கு இலக்கம். அரை நிமிட வேலை.
சாப்பாட்டு இடைவேளையில்
தேநீர்த் தட்டில் துணுக்கை வைத்து
குழாய்த் தண்ணீர் இரண்டு சொட்டு விட்டாள்.
பழுப்பு மெல்ல முறுக்கவிழ்ந்தது.
சூப் ஆறியது.
ஓரத்தில், பென்சில் முனையளவு,
பச்சை.

திரையில் கோட்டுக்குப் பக்கத்தில்
சுட்டி இமைத்துக்கொண்டிருந்தது.
மூன்று மணிவரை இமைக்கட்டும் என்று விட்டாள்.
பிறகு எழுதினாள்.

தட்டில் இருப்பதைத்தான்
எந்தக் கட்டத்தில் சேர்ப்பதென்று தெரியவில்லை.